நேர்ந்துவிட்ட ஆடு

என் வீட்டு சர்க்காருக்கு சலாம்.

மகனுக்காக தர்காவுக்கு நேர்ந்து, முட்டுக்காட்டுக் கழியின் நடுத்திட்டில் நீ மேயவிட்ட ஆட்டை உன்னைக் கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆலாப் பறவைகள் திரும்பி வரட்டுமென்று நானும் கூட்டாளிகளும் நட்ட செடிகளை அது மொட்டையடித்தது. மணலில் கிடந்த முட்டைகளையும் மிதித்தது. மிச்சக் கூடுகளாவது பிழைக்கட்டுமே என்றுதான்.

"நேர்ந்த ஆட்ட இட்டுகினு வந்துட்டியே மச்சான், புள்ள ஆஸ்பத்திரில கீறப்போ" என்றான் உன் தம்பி. இதற்குள் கோவளம் வரை சொல்லியிருப்பான்.

ஆடு கட்டிலில் படுக்கிறது, நான் தரையில். உன் அம்மா வந்தபோதுகூட இவ்வளவு உபசாரம் நடக்கவில்லை. வந்ததிலிருந்து தழையைத் தொடாமலே இருந்தது. இன்று காலை என் கையிலிருந்து ஒரு வாய் தின்றது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை உன் தம்பி பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நம் பிள்ளை கஞ்சி குடித்தானா? முதலில் அதை எழுது. வசவை அடுத்த பக்கத்தில் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
ஆட்டுக்கும் உனக்கும் பணியாள்