மூக்கைத் திறக்கும் விமானமும் லாசரஸ் சம்பந்தியும்

ஆங் மோ கியோ, சிங்கப்பூர்
11.8.1985

அன்பு மகன் ஆம்ப்ரோஸுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அமெரிக்காவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலை சொல்லும்போது கேட்டுக்கொள்கிறோம். சுகம் விசாரித்தாகிவிட்டது. இனி திட்டப் போகிறேன், உட்கார்ந்து படி.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. ஜம்போ விமானத்தில் ஆட்கள் உட்காரும் பகுதிக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்த உன்னைக் கம்பெனி சரக்கு ஜம்போவின் தரைக்குப் படம் போடத் தூக்கிப் போட்டுவிட்டதாம், அக்டோபரில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு பெண் வீட்டில் இதை எப்படிச் சொல்வதாம், அதனால் வேலையை விட்டுவிடப் போகிறாயாம். கேவலம் சரக்கு விமானம் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்தச் சொல்லை மட்டும் விழுங்கிவிட்டேன். முதலில் பாயா லேபார் விமான நிலையத்தில், இப்போது சாங்கியில், இருபத்தாறு வருஷமாக உன் அப்பன் ஏற்றி இறக்குவது அந்தக் கேவலத்தைத்தான். நீ குடித்த பால் எதில் வந்தது என்று நினைத்தாய்?

இதில் உனக்கு ஒரு சந்தேகம் வேறு. பயணிகளுக்கு இவ்வளவு பெரிய விமானம் செய்கிறவர்கள் அதையே சரக்குக்கும் செய்து ஏன் மானத்தை வாங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். இன்ஜினியர் துரைக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது பார். ஓர் இறக்கையை வரைந்து, செய்து, பறக்கவிட்டுப் பார்ப்பதற்குள் ஒரு கம்பெனி திவாலாகிவிடும். அத்தனை பாடுபட்டுச் செய்ததை ஒரே கூட்டத்துக்கு மட்டும் விற்க அவர்களுக்கென்ன பைத்தியமா? அதே இறக்கை, அதே இன்ஜின், ஜன்னலை அடைத்து, தரையைக் கெட்டியாக்கி, மூக்கில் கதவு வைத்தால் இன்னொரு கூட்டம் வாங்க வருகிறது. சரக்குக்கென்று மட்டும் செய்தால் வருஷத்துக்கு நாலு பேர் வாங்குவார்கள், தொழிற்சாலையைப் பூட்ட வேண்டியதுதான். ஆளுக்கென்று மட்டும் செய்தால் ஆள் வராத வருஷம் பூட்ட வேண்டியதுதான். எழுபத்து நாலில் எண்ணெய் விலை ஏறியபோது பாயா லேபாரில் ஜம்போக்கள் பாதி நாற்காலி காலியாக வந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான். அப்போதும் அவற்றின் வயிற்றில் நாங்கள் அடைத்த பெட்டிகள் நிறையத்தான் இருந்தன. வயசான ஜம்போவைப் பயணி மூக்கைச் சுளித்துத் தள்ளிவிட்டாலும் நாற்காலிகளைப் பிடுங்கிப் போட்டுச் சரக்கு ஏற்றிக்கொண்டு அது இன்னும் பல வருஷம் பறக்கும். அந்தத் தைரியத்தில்தான் புதிதாக வாங்குகிறவனே வாங்குகிறான். மாடியில் காலை நீட்டிக்கொண்டு ஒயின் குடிக்கிறார்களே பணக்காரர்கள், விமானத்தின் தலைக்கு மேல் புடைத்த அந்தத் திமில் தங்களுக்காக வைத்ததென்று நினைப்பு! மூக்கு திறந்து சரக்கு ஏற வேண்டுமென்றுதானே ஓட்டுகிறவனை மேலே ஏற்றி வைத்தார்கள்? இது தெரியாமலா சம்பளம் வாங்குகிறாய்?

சரி, அது போகட்டும். கோபம் அதற்கில்லை. உன் கடிதம் வந்த மறுநாள் வியாழக்கிழமை மத்தியானம் உன் வருங்கால மாமனார் லாசரஸ், கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கச் சாமியார் கேட்ட தாளில் என் கையெழுத்து வாங்க, பஸ் பிடித்துச் சாங்கிக்கே வந்துவிட்டார். வந்தவர் நேராகப் பயணிகள் கட்டடத்துக்குப் போய் ஏர்போர்ட் ஆபீசர் சூசைநாதன் எங்கே என்று ஒவ்வொரு கவுண்டராகக் கேட்டிருக்கிறார். அங்கே யாருக்கு என்னைத் தெரியும்? கடைசியில் ஒரு மலாய்க்காரக் காவலாளி நம் சரக்குக் கொட்டகைக்கு அழைத்து வந்தார். அன்றைக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து பந்தயக் குதிரைகள் இறங்கின. ஒன்று என் சட்டையெல்லாம் மூத்திரம் பெய்து வைத்திருந்தது. அந்தக் கோலத்தில் நான் நிற்க, அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, உங்க மகன் உங்களை ஆபீசர்னுல்ல எழுதியிருந்தாரு லா என்றார். ஆமாம் சம்பந்தி, குதிரைகளுக்கு நான்தான் ஆபீசர் என்று சிரித்துச் சமாளித்தேன். அப்பன் என்ன வேலை செய்கிறான் என்று சொல்ல உனக்கு அவ்வளவு வெட்கமா, ஆம்ப்ரோஸ்?

அதோடு போகவில்லை. மூக்கைத் தூக்கி நின்ற விமானத்தை அண்ணாந்து பார்த்து, மாப்பிள்ளை செய்யறது இந்தப் பிளேனா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. இல்லைங்க, அவன் ஆளுங்க போற பிளேன்தான் செய்றான் என்றேன். எனக்குச் சோறு போட்ட விமானத்தின் காலடியில் நின்றுகொண்டு சொன்னேன். அதானே என்று அவர் பெருமூச்சு விட்டார். அந்த அதானே இன்னும் என் காதில் கிடக்கிறது. உன் பொய்யைவிட என் பொய்தான் என்னை அதிகம் சுடுகிறது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்து என்னுடையதை இறக்கிவிட்டேன். உன்னுடையதை நான் தூக்க முடியாது.

வாலுக்கு முட்டுக்கால் வைக்காமல் பின்பக்கம் முதலில் பாரம் ஏற்றினால் மூக்கு வானத்துக்குப் போய் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். புது ஆட்கள் செய்கிற தப்பு. நீ கல்யாணத்தை அப்படித்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறாய். லாசரஸ் மகள் அருள்ஜோதி நல்ல பெண். நம் வீட்டுக்கு வந்த முதல் மாதமே கொடியில் காயும் என் சட்டையைப் பார்த்து அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அதற்கப்புறம் நீ எதைச் சொன்னாலும் நம்புவாளா? வேலையை விடாதே. தரை வரைகிறவன் தரையை ஒழுங்காக வரை, அதன்மேல் உன் அப்பனைப் போல நாலு பேர் நடக்க வேண்டும். லாசரஸுக்கு நீயே உன் கையால் எழுது, உன் வேலையையும் என் வேலையையும் உள்ளபடி எழுது. வேண்டாமென்றால் அவர் இப்போதே வேண்டாமென்று சொல்லட்டும்.

முதல் ஓலை செப்டம்பர் ஒன்றாம் தேதி ஞாயிறு, ஓஃபிர் ரோடு கோயிலில். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். அதற்குள் உன் கடிதம் லாசரஸ் கைக்கு வரவில்லையென்றால் முதல் பெஞ்சிலிருந்து நான்தான் எழுந்து நிற்பேன்.

அம்மா உனக்கு ஊறுகாய் கட்டிவைத்திருக்கிறாள், சரக்கில்தான் வரும், கௌரவம் பார்க்காமல் போய் வாங்கிக்கொள். கல்யாணக் கோட்டுக்குக் கழுத்தளவு கேட்டு சிராங்கூன் ரோடு தையற்காரர் நச்சரிக்கிறார், மறக்காமல் எழுது. ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்து, உண்மை சொல்லும் தைரியத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
ஆபீசர் அல்லாத உன் அப்பா,
சூசைநாதன்