தானாக இறங்கும் கை

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்குக் குறைவில்லை, மனசுதான் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனை எடுத்தால் என் வாயில் பொய்தான் முதலில் வருகிறது, இத்தனை வருஷப் பழக்கம். நம் மண்தோண்டும் வண்டி பாதி வழியில் நின்றிருக்கும், அப்பா அதன் அடியில் படுத்திருப்பார், வேலை கொடுத்தவர் கூப்பிட்டால் நான் அடுப்படியில் நின்றபடி "கிளம்பிடுச்சுங்க, திருப்பத்துல வந்துட்டு இருக்கு" என்பேன். போன மாதம் மட்டும் ஒரு நாள் ஸ்டார்ட் ஆகவில்லை, ஒரு நாள் ஆயில் குழாய் வெடித்தது, ஒரு நாள் ஒரு வீட்டு வாசலை மறித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது, அந்த வீட்டுக்காரர் சாயங்காலம்வரை மதில் ஏறித்தான் போய் வந்தார். உன்னிடம் வண்டி ஜம்மென்று ஓடுகிறது என்று சொன்னேனே, அதுவும் இந்தப் பொய்களோடு சேர்த்திதான்.

விஷயம் என்னவென்றால், போன மாதக் கடைசியில் கழிவுநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டும் வேலை ஒன்று நடந்தது. அன்று அங்கே நின்ற அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க நானே போயிருந்தேன். வண்டியின் கை கொஞ்ச நாளாகவே தூக்கி நிறுத்தினால் நிற்காது, மெதுவாகத் தானாக இறங்கும், ஆயில் சூடேறினால் இன்னும் வேகமாக. சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் அடைக்கும் சீல் தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று மெக்கானிக் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. மாற்றினால் ஒரு வாரம் வண்டி நிற்கும், அதனால் இந்த வேலை முடியட்டும் அந்த வேலை முடியட்டும் என்று அப்பா தள்ளிக்கொண்டே போனார். அன்று நம் ஓட்டுநர் மீசைக்காரர் மண் அள்ளும் பக்கெட்டை உயரத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க இறங்கினார். குழாய் பதிக்கிறவர் பள்ளத்துக்குள் குனிந்து இணைப்பை இறுக்கிக்கொண்டிருந்தார். கை இறங்க ஆரம்பித்தது பெரியவளே. நான் பார்க்கிறேன், கத்த வேண்டும், தொண்டையில் சத்தம் வரவில்லை. மீசைக்காரர்தான் கவனித்துப் பாய்ந்து ஏறித் தூக்கினார். அந்த மனுஷன் முதுகுக்கும் பக்கெட்டின் பற்களுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. அவர் அந்த நேரத்தில் நிமிர்ந்திருந்தால், எழுத வரவில்லை. மேலே வந்து விஷயம் தெரிந்ததும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். மீசைக்காரர் சாவியை அப்பா கையில் வைத்து "அண்ணே, இனிமே இதை நான் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அப்பாவோ என்னிடம் "நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டேன், பாக்கலை. ஒண்ணும் ஆகலையே, விடு" என்றார்.

அடுத்த வாரமே வண்டியை விற்றுவிடுவது என்று சொன்னார், எனக்கும் அப்பாடா என்றிருந்தது. பார்க்க வந்தவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள். அண்ணன் ஓட்டுவாராம், தம்பி கீழே பள்ளத்தில் நின்று ஆழம் அளப்பாராம். அப்பா அவர்களைக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார். ஆயில் ஆறிக் கிடக்கும்போது கை அவ்வளவு சீக்கிரம் இறங்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தூக்கிக் காட்டினார், சிலை மாதிரி நின்றது. தம்பிக்காரர் அதற்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். டீ கொண்டு வந்த நான் "ஒரு மணி நேரம் ஓட்டிட்டு அப்புறம் தூக்கிப் பாருங்க தம்பி" என்று சொல்லிவிட்டேன். யோசித்தெல்லாம் சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது. ஓட்டினார்கள், தூக்கினார்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கெட் தரைக்கு வந்துவிட்டது. அண்ணன்காரர் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார் பார், அந்தப் பார்வைக்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள்.

நாலு நாள் அப்பா என்னோடு பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிடுவார், வெளியே போய் வண்டியைச் சுற்றி வருவார், உள்ளே வருவார், செருப்பைப் போடுவார், கழற்றுவார். நானும் விளக்கிய பாத்திரத்தையே திரும்ப விளக்கிக்கொண்டிருந்தேன். கட்டினவரை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டேனே என்று ஒரு பக்கம், சொல்லாமல் விட்டிருந்தால் அந்தத் தம்பி கதி என்ன என்று இன்னொரு பக்கம். ஐந்தாம் நாள் அப்பாவே மெக்கானிக்கைக் கூட்டிவந்து சிலிண்டரைக் கழற்றி ஒரு சரக்கு வண்டியை வரவழைத்து ஏற்றினார். என்னிடம் "நீயும் வர்றியா" என்றார், அவ்வளவுதான். பட்டறையில் பிரித்தபோது சீல் துண்டு துண்டாகக் கையோடு வந்தது. பட்டறைக்காரர் "இதை வச்சுக்கிட்டா ஓட்டுனீங்க?" என்று கேட்டார். அப்பா வெளியே நடந்தார், நானும் பின்னாலேயே போனேன். சுவரோரம் நின்றபோதுதான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "அன்னைக்கு நான் திரும்பி நிக்கலை. பாத்துட்டுதான் இருந்தேன். காலும் ஓடலை, குரலும் வரலை. உங்கிட்ட பொய் சொன்னேன்." எனக்கும்தான் குரல் வரவில்லை என்றேன். மறுநாள் அந்தக் குழாய் பதிக்கிறவர் வீட்டுக்குத் தனியாகப் போய் வந்தார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை, வந்ததும் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை புதுச் சீல் போட்டு மாட்டுகிறார்கள். ஆள் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிக் கையைத் தூக்கி நிறுத்திப் பார்ப்பது, நின்றால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் இரும்பு எடைக்குப் போட்டுவிடுவது என்று அவரே சொல்லிவிட்டார். அந்த வண்டியைத் திட்டாமல் எனக்கு ஒரு நாளும் போனதில்லை, ஆனாலும் எடைக்கு என்று கேட்ட பிறகு இன்று காலையிலிருந்து மூன்று தரம் போய் இருக்கையைத் துடைத்துவிட்டு வந்தேன். நீ "வித்துத் தொலைச்சுட்டு இங்கே வந்துடுங்க" என்று அவசரப்படுத்தாதே, திங்கட்கிழமை கழியட்டும்.

இதுவரை எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பள்ளம் வந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து நிலைப்படியிலேயே நின்று, "எதையும் அடிக்காதே. அப்படியே அனுப்பு, அவளுக்குத் தெரியட்டும்" என்றார்.

நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல், நெஞ்சில் பாரம் இல்லாமல் நிறைவாக வாழ எங்கள் இருவரின் ஆசிகள். பேத்திக்கு என் முத்தம். மறந்துவிடாதே, இதைப் படித்ததும் முதலில் அப்பாவைக் கூப்பிடு, என்னிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா