நட்சத்திரம் பிறக்கும் பக்கம்

ஜனவரி 6

மதிப்பிற்குரிய ஓவியர் அவர்களுக்கு,

வணக்கம். என் புத்தகத்துக்குப் படம் போடப்போவது நீங்கள் என்று பதிப்பாளர் அம்மா நேற்றுதான் சொன்னார். வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "கோடு போடுறதுல அவரை மிஞ்ச ஆள் இல்ல. புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு என் புத்தகம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். சரி என்றேன்.

அதனால் சில நிபந்தனைகள். போன் வேண்டாம். போனில் மூன்றாவது நிமிஷமே நாம் பழைய கதைக்குப் போய்விடுவோம். கடிதத்தில் கத்த முடியாது, அந்தவரைக்கும் லாபம்.

இது வானத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத பெரியவர்களுக்கான முதல் புத்தகம். சூரியன், எட்டுக் கோள்கள், நிலாக்கள், குறுங்கோள்கள், வால்மீன்கள், நட்சத்திரங்கள், அவை பிறக்கிற முகில்கள். நாற்பத்தெட்டுப் பக்கம், இருபத்துநான்கு படம். கோளரங்கத்தில் தினம் நான்கு காட்சிக்குப் பேசுகிறேன் அல்லவா, வெளியே வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை வைத்துத்தான் எழுதினேன். நேற்று ஒரு பஸ் கண்டக்டர், நட்சத்திரத்தைவிட நிலாதானே பெரிசு என்று கேட்டார். கண்ணுக்கு அப்படித்தானே தெரிகிறது, அவர்மேல் என்ன தப்பு? அந்த மனிதர் கையில் நம்பிக் கொடுக்கிற மாதிரி இருக்கவேண்டும்.

மார்ச் 31 அச்சுக்குப் போகிறது. இன்னொன்று: கோள்களை வைத்துக் குடும்பத்தைப் பற்றி உவமை எதுவும் எழுதக்கூடாது.

இப்படிக்கு,
நூலாசிரியர்

ஜனவரி 14

மதிப்பிற்குரிய நூலாசிரியர் அவர்களுக்கு,

நிபந்தனைகள் கிடைத்தன. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொழுது விடிந்தால் கோள் சொல்வதையே தொழிலாக வைத்திருக்கிற ஒருத்தியிடம் நான் ஜாக்கிரதையாகத்தான் பேசவேண்டும். (இது உவமை இல்லை, சிலேடை. சிலேடைக்குத் தடை போடவில்லை.)

மாடி அறையில்தான் இன்னும் வேலை. கீழே பெயர்ப்பலகைக் கடை நடக்கிறது. உன் மேஜைமேல் இப்போது பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைன் பாட்டில்கள் இருக்கின்றன, கோபப்படாதே. நான்கு படம் அனுப்பியிருக்கிறேன்: வால்மீன், நட்சத்திரங்கள், குறுங்கோள் பட்டை, எல்லாக் கோள்களும் சேர்ந்த ஒன்று. கடைசியில் சொன்னதில் சூரியனையும் எட்டுக் கோள்களையும் ஒரே பக்கத்தில் அடக்கிவிட்டேன். பார்த்துச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். நாலு காட்சியும் பேசினால் தொண்டை கட்டும்.

ஓவியர்

ஜனவரி 22

ஓவியருக்கு,

தொண்டை நன்றாக இருக்கிறது. படங்கள் அழகு. நான்கும் தப்பு.

வால்மீனின் வால், ரயில் புகை மாதிரி பின்னால் இழுபடாது. சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் நீளும். வால்மீன் திரும்பிப் போகும்போது வால் அதற்கு முன்னால் போகும். நட்சத்திரங்களில் சிவப்பைச் சூடாகவும் நீலத்தைக் குளிராகவும் போட்டிருக்கிறீர்கள். குழாயில் வெந்நீருக்கு வைக்கிற அடையாளம் அது, வானத்தில் செல்லாது. நீலம்தான் கொதிக்கிறது. சிவப்பு அதைவிடச் சூடு குறைந்தது. குறுங்கோள் பட்டையில் கற்களை ஜல்லி கொட்டியதுபோல் கொட்டியிருக்கிறீர்கள். நிஜத்தில் ஒரு கல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் வெறுமை.

நான்காவது படம் எல்லோரும் செய்கிற தப்பு. சூரியன் ஒரு கால்பந்து என்றால் பூமி ஒரு கடுகு. அந்தக் கடுகு இருபத்துநான்கு மீட்டர் தள்ளி இருக்கிறது. இது எந்தப் பக்கத்திலும் அடங்காது. நம்பவில்லை என்றால் நடந்து பாருங்கள்.

நூலாசிரியர்

பிப்ரவரி 3

வாத்தியாரம்மாவுக்கு,

நடந்து பார்த்தேன். கடை வாசலில் கால்பந்தை வைத்தேன். வியாழனுக்குப் பெரிய கோலிக்குண்டு, நெப்டியூனுக்குப் பட்டாணி. பூமியைத் தையல்கடைக்காரர் படியில் வைத்தேன். அவர் உடனே துடைத்துவிட்டார், இன்னொரு கடுகு வைக்கவேண்டி வந்தது. வியாழன் மருந்துக்கடையைத் தாண்டிப் போய்விட்டது. நெப்டியூனுக்கு எழுநூறு மீட்டர்! தபால் ஆபீஸ் வாசல் வரை போனேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் பந்து கண்ணில் படவே இல்லை. காவலாளி என்ன தொலைந்தது என்று கேட்டார். அடுத்த நட்சத்திரம் எவ்வளவு தூரம் என்று உன் பிரதியைப் பார்த்தேன். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பட்டாணியைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தபால் ஆபீஸ் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான்கும் புதிதாகப் போட்டிருக்கிறேன். கோள்களை ஒரு பக்கத்தில் அடக்கவில்லை. ஒரு தெருவை வரைந்து அதில் பரப்பிவிட்டேன்.

இன்னொரு சேதி. பதினேழாம் பக்கத்தில், "எந்தக் கோளும் தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரம், சூரியனைச் சுற்றும் நேரத்தைவிடக் குறைவு" என்று எழுதியிருக்கிறாய். பத்தொன்பதாம் பக்கத்தில் வெள்ளி தன்னைச் சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள் என்றும் எழுதியிருக்கிறாய். ஒரு விளக்கைச் சுற்றி ஆரஞ்சுப்பழத்தை நகர்த்தி வரைந்து பார்த்தபோதுதான் மாட்டியது. இரண்டில் எது நிஜம்?

ஓவியர்

பிப்ரவரி 10

அன்புள்ள உங்களுக்கு,

பத்தொன்பதாம் பக்கம்தான் நிஜம். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கியது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், போதுமா? மூன்று பேர் படித்த பிரதி. யாரும் கவனிக்கவில்லை. படம் போடுகிறவர் ஒருத்தர்தான் கவனித்தார். நன்றி.

தெருப் படத்தைக் கோளரங்க வாசலில் ஒட்டிவைத்தேன். மதியக் காட்சிக்கு வந்தவர்கள் உள்ளே போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பழைய கதை வேண்டாம் என்று நானே போட்ட விதியை இப்போது மீறப்போகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் நம் முதல் புத்தகம் நின்றுபோனது படம் தாமதமானதால் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். தாமதத்துக்காகவா நான் ஊரைவிட்டே வந்தேன்? ஆறு மாதம் "முடிஞ்சுடுச்சு, முடிஞ்சுடுச்சு" என்றீர்கள். நானும் அதை நம்பி எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தேன். கடைசியில் மேஜை டிராயரைத் திறந்தால் முப்பது வெள்ளைத்தாள். "ஏன் சொல்லல?" என்று ஒரே கேள்விதான் கேட்டேன். அப்போதும் நீங்கள், "நாளைக்கு முடிச்சுடுவேன்" என்றீர்கள். அந்தப் பதிலோடு ஒரு வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை.

அதனால் இப்போது ஒன்று மட்டும் எழுதுங்கள். இருபத்துநான்கில் நிஜமாக எத்தனை முடிந்திருக்கிறது? எண்ணிக்கை மட்டும் போதும்.

நான்

பிப்ரவரி 17

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

பதினொன்று முடிந்தது. நான்கு பாதியில் நிற்கிறது. ஒன்பது தொடவே இல்லை.

எண்ணிக்கை மட்டும் கேட்டாய், இருந்தாலும் எழுதுகிறேன். அந்த முப்பது தாளையும் தினமும் காலையில் எடுத்து வைப்பேன். பென்சிலைச் சீவுவேன். நீ எழுதியதற்கு என் கோடு ஈடாகாது என்று தோன்றும், மறுபடி டிராயரில் வைப்பேன். சாயங்காலம் நீ வேலையிலிருந்து வந்து சிரித்துக்கொண்டே கேட்பாய். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வராமல், முடிந்தது என்பேன். ஒரு நாள் சொன்ன பொய்யைக் காப்பாற்ற அடுத்த நாளும் சொல்லவேண்டியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டே ஆறு மாதம் உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். நீ போனது நியாயம்தான். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் முன்னாலேயே போயிருப்பேன்.

தாமதத்தால் நின்றது என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன். மருந்துக்கடைக்காரரிடமும் தையல்காரரிடமும் நேற்றே திருத்திச் சொல்லிவிட்டேன்.

ஓவியர்

மார்ச் 20

அன்புள்ள உனக்கு,

இந்த உறையில் கடைசி ஏழு படங்கள் இருக்கின்றன. ஆக இருபத்துமூன்று முடிந்தது. சனிக் கோளின் வளையம் நன்றாக வந்திருக்கிறது, கர்வத்தோடு சொல்கிறேன்.

நாற்பத்திரண்டாம் பக்கம் வரவில்லை. நட்சத்திரம் பிறக்கும் முகில். ஒன்பது தடவை போட்டேன். தூசியும் வாயுவும் தன் பாரத்தால் தானே சுருங்கிச் சுருங்கி, நடுவில் சூடேறி ஒளி பிடிக்கிறது என்று எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாய்! நான் போட்டால் பஞ்சுமூட்டை தீப்பிடித்த மாதிரி இருக்கிறது. இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அதற்குள் வராது. ஒரு மாதம் கொடுத்தாலும் வராது. இது என் கைக்கு அடங்குகிற படம் இல்லை.

பதிப்பாளர் அம்மாவுக்கு இன்று மதியம் எழுதுவேன். உனக்கு முதலில் தெரியவேண்டும் என்று காலையிலேயே எழுதிவிட்டேன்.

ஓவியர்

மார்ச் 24

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் இரண்டாவது காட்சிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் வந்தது. ப்ரொஜெக்டர் அறையில் நின்றபடியே படித்தேன். "வராது" என்ற சொல்லை நான்கு தடவை படித்தேன். மெஷின் பார்க்கிற அம்மா ஏதாவது கெட்ட சேதியா என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம். அழுதுகொண்டும் இருந்தேனாம். அவருக்கு எது என்று புரியவில்லை. மூன்றாவது காட்சியில் செவ்வாய்க்கு இரண்டு நிலா என்பதற்குப் பதிலாக இருபது என்று சொல்லிவிட்டேன். முன்வரிசைப் பெரியவர் ஒருத்தர் எழுந்து நின்று திருத்தினார். கூடமே கைதட்டியது, அவருக்கு.

நாற்பத்திரண்டாம் பக்கத்துக்குக் கவலை வேண்டாம். பதிப்பாளர் அம்மாவிடம் பேசிவிட்டேன். ஒரு வானாய்வகம் எடுத்த முகில் புகைப்படத்தை அனுமதி வாங்கிப் போடப்போகிறோம். உங்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும், வருத்தப்பட்டுக்கொள்ளுங்கள். மற்ற இருபத்துமூன்றும் அச்சகத்துக்குப் போய்விட்டன. கண்டக்டர் மறுபடி வந்திருந்தார். நிலா சின்னதாகவும் நட்சத்திரம் பெரிதாகவும் இருக்கிற உங்கள் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்போ கண்ணால பாக்கறத முழுசா நம்பக்கூடாது" என்றார். புத்தகத்தின் பாதியை அவரே ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

வண்ணம் சரிபார்க்க அச்சகத்துக்கு ஒருத்தர் வரவேண்டுமாம். உங்கள் ஊரில்தானே அச்சகம், நீங்களே போதும் என்றார் பதிப்பாளர் அம்மா. நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வண்டி. பெட்டி கனமாக இருக்கும், ஸ்டேஷனுக்கு வாருங்கள்.

திரும்பிப் போக டிக்கெட் எடுக்கவில்லை. கோளரங்கத்தில் ஒரு மாத விடுப்புக் கேட்டிருக்கிறேன், கிடைத்துவிட்டது. அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு என்ன என்று கேட்டு எழுதாதீர்கள். எனக்கும் இன்னும் தெரியாது. தெரிந்ததும் உங்களிடம்தான் முதலில் சொல்வேன்.

உங்கள்
மனைவி