ஆறு கொண்டுபோன தம்பிக்கு

என் உயிரான தம்பி கோவிந்தனுக்கு,

போன வருடம் இங்கே பிரெஞ்சுக் கொடியை இறக்கிவிட்டார்கள். நம் வைத்திக்குப்பத்திலும் வீட்டுக்கு வீடு மூவர்ணக் கொடி. நானும் கட்டினேன். பக்கத்திலேயே, பிரெஞ்சுப் பட்டாளத்து உடுப்பில் நீ எடுத்துக்கொண்ட படத்தை மாட்டிப் பூப் போட்டேன். அதில்தான் தகராறு.

ஊர்வலம் நம் வாசலில் நின்றது. பெரியப்பா மகன் ராஜவேலு அண்ணன்தான் முன்னால் வந்தார்.

"வெள்ளைக்காரனுக்காவ செத்தவன் படம் இன்னிக்கி எதுக்கு? கழட்டி உள்ள வை, அஞ்சல."

"மாட்டேன். அவன் கப்பலேறினப்ப நம்ம வூட்ல அடுப்பு எரியல. அப்ப யாருண்ணே வந்து கேட்டீங்க?"

கோஷம் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா உள்ளே அழுதுகொண்டிருந்தாள்.

நீ எப்படிச் செத்தாய் என்றே அதுவரை எங்களுக்குத் தெரியாதடா. சண்டையில் போய்விட்டாய் என்று மட்டும்தான் சேதி. தை மாதம் உன்னோடு சைகோன் பட்டாளத்தில் இருந்த சம்மனசு, கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தான். ஒரு கால் இல்லை.

"ஆத்தத் தாண்டறப்ப தெப்பம் கவுந்துட்டுதுக்கா. காலுல குண்டு பட்டுக் கெடந்த என்ன அவன்தான் கரையில இழுத்துப் போட்டான். தெப்பத்துல அந்த ஊரு சனங்களும் இருந்தாங்க. ஒரு பொம்பள புள்ளையோட முழுகிட்டா. 'போவாதடா, சுடறாங்க'ன்னு கத்தறேன், கேக்கல. புள்ளைய எடுத்தாந்து எங்கிட்ட குடுத்துட்டு, தாய்க்காவ மறுபடி எறங்கினான். ரெண்டு பேருமே வரல."

அந்தத் தாய் உனக்கு யாரடா? திரும்பவும் தண்ணீரில் இறங்கும்போது என்ன நினைத்தாய்? அந்தக் குழந்தை இப்போது எங்கே இருக்கிறதோ.

உடம்பு வரவில்லை என்றாலும் உனக்குக் கருமாதி செய்ய வேண்டும் என்றாள் அம்மா. செய்ய வேண்டிய பங்காளி ராஜவேலு அண்ணன். சம்மனசு சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

"இருந்தாலும் அவன் போட்டிருந்தது பிரெஞ்சுக்காரன் சட்ட. நான் செய்ய மாட்டேன்."

"சரி, நானே செய்யறேன்."

"பொம்பளயா?"

"ஆமா. அவனத் தூக்கி வளத்தவ நான்தான்."

விடிந்ததும் பிண்டச் சோற்றை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கினேன். அம்மா கூட வந்தாள். மீன் விற்க உட்கார்ந்திருந்த பெண்கள் கூடைகளை அப்படியே மணலில் விட்டுவிட்டு, ஒவ்வொருத்தியாகத் தண்ணீருக்குள் வந்து என் பின்னால் நின்றார்கள். சம்மனசு சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். ராஜவேலு அண்ணன் கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். இறங்கி வரவில்லை. இன்றுவரை என்னோடு பேசுவதும் இல்லை.

பிறகு பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். பிரான்சுக்காக உயிரைக் கொடுத்த வீரனாம் நீ. அம்மாவைக் கூட்டத்தில் நிற்கவைத்து மெடல் தருவார்களாம். அம்மாதான் எழுந்தாள்.

"எம்மவன் பிரான்சுக்காவ சாவல. ஒரு தாய்க்காவ செத்தான். மெடல நீங்களே வச்சிக்கங்க."

பிரெஞ்சுக்காரர்கள் நீ தங்கள் ஆள் என்கிறார்கள், நம் ஊர்க்காரர்களும் உன்னை அவர்கள் ஆள் என்கிறார்கள். நீ எங்கள் பிள்ளையடா. உன்னை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

தம்பி, நான் முழுகாமல் இருக்கிறேன், உன் மச்சானுக்கும் சந்தோஷம். பிறப்பது ஆணோ பெண்ணோ, 'எங்க மாமன் கோவிந்தன்' என்று எவர் முன்னாலும் குரல் தாழாமல் சொல்லும்படி வளர்ப்பேன். இது நம் கடலறியச் சத்தியம்.

உன்னை இடுப்பில் சுமந்த
அக்கா அஞ்சலை