நடு மாடியில் நின்ற குடில்

அன்பு மருமகள் சிட்டுவுக்கு,

ரயில் நிலையத்து ஒலிபெருக்கியில் ஆயுளெல்லாம் முழங்கி, ஊர்க்காதுகளையும் தன் தொண்டையையும் ஒருசேரத் தேய்த்துவிட்டு ஓய்வுபெற்ற உன் தாய்மாமன், பூரண சுகத்தோடும் புதுச் சட்டையோடும் எழுதிக்கொள்வது. நீயும் அங்கே அதேபோல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். சட்டை உன் இஷ்டம்.

இந்தக் கடிதத்தில் ஒருவரும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். என் மீசைமேல் சத்தியம். மனிதன் எழுதப் பழகிய நாளிலிருந்து இப்படியொன்று எழுதப்பட்டதில்லை. நீயும் நம்பமாட்டாய். நம்பாமலே படி. ஆனால் கடைசி வரி வரைக்கும் படி.

முதலில் வீட்டுச் செய்தி. நீ அனுப்பிய சக்கர நாற்காலி வந்து சேர்ந்தது. விமானம் ஓட்டுகிறவருக்குக்கூட இத்தனை பொத்தான் கொடுக்கமாட்டார்கள். எது எதற்கு என்று பார்க்க நான் ஏறி உட்கார்ந்து ஒன்றை அமுக்கினேன். அது என்னைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஃபிரிட்ஜில் மோதி நின்றது. எனக்கு என்ன வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிந்ததோ. பேச்சுப் பழகுவதற்கு நீ அனுப்பிய கருவியும் வேலை செய்கிறது. ஆப்பிள் படத்தைத் தொட்டால் ஒரு பெண் குரல் ஆப்பிள் என்கிறது. உன் அப்பா அதை ஒரு பார்வை பார்த்தார். மறுநாளிலிருந்து அதன்மேல் ஒரு துண்டு கிடக்கிறது.

பக்கவாதம் தாக்கிய அத்தானுக்கு வலது கை இன்னும் வேலைநிறுத்தத்தில்தான். வலது கால் பேச்சுவார்த்தைக்கு வந்திருக்கிறது. வாய்தான் பிடிகொடுக்க மறுக்கிறது. கைக்குட்டை வாங்கத் துணிக்கடைக்கு வந்தவரைக் கல்யாணத்துக்கே துணியெடுக்க வைத்து அனுப்பிய வாய். இப்போது அதில் மிச்சம் ஒரே ஒரு வார்த்தை. அது என்ன வார்த்தை என்று உனக்கு எழுதக்கூடாது என உன் அம்மா எனக்குத் தடை போட்டிருக்கிறாள். அக்கா சொல்லை நான் என்றைக்குத் தட்டியிருக்கிறேன், நீயே சொல்.

நீ கேட்டதற்கு வருகிறேன். லீவு கிடைத்துவிட்டது, ஆனாலும் யோசனையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். உன் வார்த்தையிலேயே சொன்னால், அப்பா வீடியோவில் என் முகத்தைக் கண்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார், விழுந்த சமயத்தில் நான் வராத கோபம் இன்னும் ஆறவில்லை, நான் வந்துதான் என்ன செய்யப்போகிறேன், நான் டாக்டரா நர்ஸா, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு தூரம் வரணுமா மாமா என்றும் எழுதியிருந்தாய். இந்தக் கேள்விக்கு என்னிடம் கதைதான் இருக்கிறது.

எங்கள் கட்டடத்தில் கிறிஸ்துமஸ் குடிலை எங்கே வைப்பது என்று இந்த வருஷம் உலகப்போர் மூண்டது. கீழ்த்தளத்தில் வைத்தால் மாடிக்காரர்களுக்குக் குறை. மொட்டைமாடியில் வைத்தால் கீழ்வீட்டுக்காரர்களுக்கு மூச்சு வாங்கும். பல் டாக்டர் தன் வாசலில் வைக்கலாம் என்றார். குழந்தை இயேசுவுக்கு இன்னும் பல்லே முளைக்கலையே டாக்டர் என்று யாரோ கேட்டதில் அந்த யோசனை அங்கேயே விழுந்தது. கடைசியில் சங்கச் செயலாளர் அம்மா மேசையைத் தட்டி, லிஃப்ட்டுக்குள்ளே வெச்சுடலாம், எல்லா மாடிக்கும் அதுவே போயிட்டு வரும், இனிமே யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். இப்படியொரு தீர்ப்பு அரசர்கள் காலத்திலும் வந்ததில்லை.

அப்படித்தான் எங்கள் லிஃப்ட்டின் ஒரு மூலையில் வைக்கோல் பரப்பி, மரியாளும் யோசேப்பும் ஆடுமாடுகளும் ஓர் ஒட்டகமும் குடியேறினார்கள். மேலே பேட்டரியில் எரியும் ஒரு நட்சத்திரம். காய்கறிப் பையோடு ஏறுகிறவர்கள் ஒட்டகத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் ஆராதனைக்கு வர உன் அப்பா தலையசைத்தார். உடம்புக்கு முடியாமல் போனபின் வாசல் தாண்ட அவர் சம்மதித்தது அதுதான் முதல் தடவை. அந்தத் தலையசைப்பை வாங்க நான் பேசிய பேச்சில் இரண்டு தேசங்களுக்குச் சமாதானம் செய்து வைத்திருக்கலாம். அக்கா அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலைவாரி, கார் வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று முன்னாலேயே படியில் இறங்கிப் போனாள். உன் அம்மாவும் லிஃப்ட்டும் உனக்குத் தெரிந்த விஷயம்தானே. சவப்பெட்டியில படுக்கும்போது படுத்துக்கிறேன், அதுவரைக்கும் எனக்குப் படி போதும் என்பவள். முழங்கால் தேய்ந்த பிறகும் லிஃப்ட்டில் காலை வைத்ததில்லை.

நான் நாற்காலியை லிஃப்ட்டுக்குள் தள்ளினேன். ஒரு பக்கம் நாற்காலி, ஒரு பக்கம் பெத்லகேம். என் வயிற்றுக்கு அங்கே இடமில்லை. நீங்க போங்க அத்தான், உங்களுக்கு முன்னாடி நான் கீழே நிப்பேன் என்று பொத்தானை அமுக்கிவிட்டு, மான்குட்டி போலப் படிகளில் பாய்ந்தேன். மான்குட்டிக்கு அடுத்த திருப்பத்திலேயே மூச்சு முட்டியது. அந்த நேரம்தான் லிஃப்ட் நின்ற சத்தம் கேட்டது.

குடிலின் வைக்கோல் உதிர்ந்து கதவு ஓடும் பள்ளத்தில் அடைத்துக்கொண்டது என்று பிறகு தெரிந்தது. இரண்டு மாடிகளுக்கு நடுவே, மேலுமில்லாமல் கீழுமில்லாமல், பெட்டி தொங்கிக்கொண்டு நின்றது. உள்ளே அவசர மணிக்குக் கை எட்டாத, உதவி என்று கத்தச் சொல்லில்லாத ஒரு மனுஷன். இடது கையால் சுவரைத் தட்ட ஆரம்பித்தார். அந்தத் தட்டல் என் நெஞ்சுக்கூட்டுக்குள் இன்னும் கேட்கிறது, சிட்டு. இந்த வரியில் வேடிக்கை எதுவும் இல்லை.

ஜனம் கூடிற்று. கடற்கரை மணலை எண்ணினாலும் எண்ணலாம், அந்தக் கூட்டத்தை எண்ண முடியாது. பல் டாக்டர் மூடிய கதவைப் பார்த்து, வாயை நல்லாத் திறந்து மூச்சு விடுங்க என்றார். அவருக்குத் தெரிந்த வைத்தியம். செயலாளர் அம்மா, தைரியமா இருங்க, சங்கத்துல இதை எடுத்துப் பேசுறோம் என்றார். அக்காவை அழைத்துப்போக வந்திருந்த போதகர் கதவில் கைவைத்து உரக்க ஜெபித்தார். அவரோடு வந்த பாடகர் குழுவில் பாதிப்பேர் அந்தப் படியிலேயே நின்று பாடத் தொடங்கினார்கள். என்னைப் பற்றிக் கேட்காதே. ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பதற்றத்தில் பழைய குரல் முந்திக்கொண்டது. பயணிகளின் கனிவான கவனத்திற்கு, ஏற்பட்ட தாமதத்திற்கு வருந்துகிறோம் என்று கட்டடம் அதிர வந்தது. ஏழு தெரு தள்ளியிருந்து ஒருவர் பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாராம்.

எங்கள் சத்தம் கூடக்கூட உள்ளே தட்டலும் கூடியது.

லிஃப்ட் மெக்கானிக் வந்தார். மின்சாரத்தை நிறுத்தி, சாவி போட்டு வெளிக்கதவையும் உள்கதவையும் விலக்கினார். பெட்டி எங்கள் தரைக்குக் கீழே இறங்கி நின்றிருந்தது. அதன் மேல்விளிம்புக்கும் எங்கள் தரைக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஓர் இடுக்கு. அதற்குள் இருட்டு. அந்தச் சின்ன நட்சத்திர வெளிச்சத்தில் அத்தானின் வாரிய தலை மட்டும் தெரிந்தது. மெக்கானிக் சொன்னார்: இதைக் கையால சுத்தித்தான் இறக்கணும், மேலே மோட்டார் ரூம்ல இன்னொரு ஆள் வேணும், அவர் வர்ற வழியில மாட்டிக்கிட்டார், அதுவரைக்கும் நாற்காலியோட இருக்கிறவரை இந்த இடுக்கு வழியாத் தூக்கவே முடியாது. ஒரு ஆள் வேணும்னா உள்ளே இறங்கலாம், ஆனா இறங்கினவர் ஏற முடியாது, அதனால யாரும் இறங்கக்கூடாது, அதுதான் ரூல் என்றார்.

அவர் ரூலை முடிப்பதற்குள் அக்கா செருப்பைக் கழற்றியிருந்தாள்.

கீழேயிருந்து அவள் எப்போது ஏறி வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. பறந்து வந்தாள் என்று எழுதிக்கொள்கிறேன். புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, காலை இடுக்குக்குள் விட்டாள். ஐயோ அக்கா, உனக்கு லிஃப்ட்னாலே ஆகாதே, நீ உள்ளே போய் என்ன பண்ணப்போறே என்று கேட்டேன். சிட்டு, நீ எழுதிக் கேட்ட அதே கேள்வி. என்ன பண்ணணும், கூட இருக்கப்போறேன், கையைப் பிடிடா தடியா என்றாள். நானும் மெக்கானிக்கும் ஆளுக்கொரு கையைப் பிடித்தோம். அந்தத் தேய்ந்த முழங்கால்களோடு உன் அம்மா இருட்டுக்குள் இறங்கினாள்.

உள்ளே அவளுக்கு இடமில்லை. இருக்கிற இடத்தில் மாடும் ஆடும் இருந்தன. அவற்றை ஒதுக்கி, ஒட்டகத்தைத் தூக்கி உன் அப்பா மடியில் வைத்துவிட்டு, வைக்கோலிலே உட்கார்ந்துகொண்டாள். ஸ்பேனர் கொண்டுபோகவில்லை, மாத்திரை கொண்டுபோகவில்லை. கொண்டுபோனது இரண்டு கைகள்.

தட்டல் நின்றது.

அந்த அமைதியில் பாட்டு தானாக அடங்கியது. போதகர் ஜெபத்தை எந்த இடத்தில் விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு படியில் உட்கார்ந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: ஐயா, இம்மானுவேல்னா தேவன் நம்மோட இருக்கிறார்னு அர்த்தம், இன்னைக்குப் பிரசங்கத்துல அதை விளக்கப் பக்கம் பக்கமா எழுதி வெச்சிருந்தேன், உங்க அக்கா அதையெல்லாம் வீணாக்கிட்டாங்க என்று. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் யோசித்தேன், சிட்டு. எனக்கு அது எப்போதாவது நடக்கும். ஆயுளெல்லாம் நான் வண்டி வருகிறது, வருகிறது என்று அறிவித்தவன். எந்த வண்டியிலும் நான் வந்ததில்லை. தீர்க்கதரிசிகளும் என் இனம்தான், வருகிறார் வருகிறார் என்று காலகாலமாக அறிவித்தார்கள். ஆண்டவரும் மேலேயிருந்தே நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாம், எங்களைப்போல. இருக்கவில்லை. நாம் மாட்டிக்கொண்ட பெட்டிக்குள்ளேயே இறங்கினார். அதுவும் பேச்சு வராத, கை கால் சொன்னபடி கேட்காத குழந்தையாக. உன் அப்பாவின் நிலைமையில். பிறகு சிலுவைவரை ஆயிரம் செய்தார், மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் ராத்திரி அவர் செய்த ஒரே வேலை, வந்து படுத்திருந்தது. அதற்குத்தான் வானம் திறந்து தூதர்கள் பாடினார்கள். இத்தனை வருஷம் அந்த நாளைக்குக் கேக் தின்றிருக்கிறேன். அர்த்தம் அன்றைக்குத்தான் தெரிந்தது, அதுவும் என் அக்காவின் முதுகைப் பார்த்து.

மெக்கானிக்கின் கூட்டாளி வந்து, மேலே சுற்றி, பெட்டி மெல்லக் கீழே வந்தது. கதவு திறந்தபோது இரண்டு பேர் தலையிலும் வைக்கோல். அத்தான் மடியில் ஒட்டகம். அக்கா முகம் வெளிறி, வியர்வையில் நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், இனி ஜென்மத்துக்கும் இதுல ஏறமாட்டேன் என்றாள். ஆனால் அவர் கையை விடவில்லை. அவரும் விடவில்லை. ஆலயத்துக்குப் போய் ஆராதனை முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், ஒட்டகம் உள்பட.

இனி நீ என் புளுகுகளை அடிக்கச் சிவப்பு மையை எடுத்துக்கொள். மான்குட்டியை அடி. கடற்கரை மணலை அடி. பெட்டியோடு ஓடிவந்தவரை அடி, அவர் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். பிடிக்காவிட்டால் ஒட்டகத்தையும் லிஃப்ட்டையும் அடித்துவிடு, எனக்கு வருத்தமில்லை.

லீவு கிடைத்தது என்றாயே. இங்கே உனக்கென்று ஒரு வேலையும் இல்லை. புதுக் கருவி எதுவும் தூக்கிவராதே. வெறுங்கையோடு வா. ஓய்வுபெற்ற தொண்டையில் இன்னும் ஓர் அறிவிப்பு மிச்சமிருக்கிறது, அதை வாசலில் நின்று சொல்ல எனக்கு ஆசை. நம்மோடு இருக்க வந்தவர் உன் வழியெல்லாம் உன்னோடு இருப்பாராக.

இப்படிக்கு,
உன்னைத் தோளில் தூக்கி வளர்த்து அதனால்தான் உயரம் குறைந்துபோன,
உன் மாமன்

பி.கு.: அக்கா போட்ட தடையை மீறுகிறேன். பிள்ளை அங்கே தனியா உக்காந்து அழும்டா என்று சொல்லித்தான் அவள் தடுத்தாள். உன் அப்பாவின் வாயில் மிச்சமிருக்கும் அந்த ஒரே வார்த்தை, சிட்டு. தேநீர் வேண்டுமென்றாலும் சிட்டு, தலையணை சரிந்தாலும் சிட்டு. உன்மேல் கோபத்தால் அவர் முகம் திருப்பவில்லை. கரண்டிக்கும் செருப்புக்கும் சொல்லித் தேய்ந்த வார்த்தையை உன் முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிறார். அன்றைக்கு உள்ளேயிருந்து அவர் வெறுமனே தட்டவில்லை, உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே தட்டினார். இருட்டில் இறங்கி வந்த உன் அம்மாவின் கையைப் பிடித்தபோதும் சிட்டு என்றுதான் கேட்டார். அவள் திருத்தவில்லை. வந்துட்டேன்ப்பா என்றாள். எதை அடித்தாலும் இந்தச் சின்ன இடத்தை மட்டும் அடிக்காதே, இது நடந்தபடியே எழுதியது.