முதல் ரெயிலில் இடமில்லை

அக்கா,

பாரிசுக்கு டிக்கெட் போடலாமென்று இன்று காலை போனை எடுத்தேன். யார் யார் பயணம் செய்கிறார்கள் என்று கேட்கும் இடத்தில் உங்கள் பெயர் தானாக வந்து நின்றது. ஒருமுறை சேர்த்து வைத்த பெயரை அது மறப்பதில்லை. நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது என்று அதற்கு யார் சொல்வது? தேத்தண்ணி ஆறும்வரை அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வெட்கம் வந்தது. ஐந்து வருடமாக என்னோடு இருக்கிற அதே வெட்கம்தான்.

டோர்ட்மண்டில் ஒரே அலுவலகக் கட்டிடத்தில் நீங்களும் நானும் துப்புரவு வேலை செய்தோம். மூன்றாம் மாடி உங்களுக்கு, நாலாம் மாடி எனக்கு. எங்கள் ஆட்களில் யாருக்கு ரெயில் டிக்கெட் போட வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். டாக்டரிடம் நேரம் குறித்த டெர்மின் என்றால், கூடப்போய் ஜெர்மன் பாஷையான டொச் கதைக்கவும் நான்தான். உங்களோடு எத்தனை தரம் வந்திருப்பேன்! "இவள் இல்லாட்டி எனக்கு இந்த நாட்டில வாய் இல்லை" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிவீர்கள். எனக்கும் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

பாரிசில் உங்கள் தம்பி இறந்த செய்தி ஒரு கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை வந்தது. வியாழன் பகல் இரண்டு மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். உங்கள் மகள் பிராங்பேர்ட்டில் பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் வர முடியாது. "முகத்தை ஒருக்காப் பார்த்தால் காணும் பிள்ளை. முதல் ரெயிலில போடு. நீயும் வா, எனக்குத் தனியப் போக ஏலாது" என்றீர்கள். பதினொரு வருடமாக நேரில் காணாத தம்பி.

முதல் ரெயில் விடிய ஐந்தரைக்கு. போனில் பார்த்தேன், வெறும் இருக்கைகள் எவ்வளவோ கிடந்தன. ஆனால் அதைப் பிடிக்க நான் நாலு மணிக்கு எழும்ப வேண்டும். வெளியே எலும்பைத் துளைக்கிற குளிர். எட்டு மணி ரெயிலும் ஒன்றேகாலுக்குப் பாரிஸ் போய்விடும் என்று காட்டியது. கொலோனில் ரெயில் மாறுவதற்குப் பன்னிரண்டு நிமிடம். காணும்தானே என்று நினைத்துக்கொண்டேன். "முதல் ரெயில் நிறைஞ்சிட்டுது அக்கா, எட்டு மணிக்குத்தான் இடமிருக்கு" என்று உங்களுக்குச் சொன்னேன். இவ்வளவுதான். நித்திரைக்காக ஒரு பொய். சீ, நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

வியாழன் காலை ஏழு மணிக்கு உங்களைக் கூட்டிப்போக வந்தேன். கோட்டையும் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, கதிரையில் இருந்தீர்கள். "நித்திரை வரேல்லை. நாலு மணிக்கே வெளிக்கிட்டிட்டன்" என்றீர்கள். எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

எட்டு மணி ரெயில் இருபத்தைந்து நிமிடம் பிந்தியது. கொலோனில் படியேறி மற்ற மேடைக்கு உங்களை இழுத்துக்கொண்டு ஓடினேன். மேடை வெறுமையாக இருந்தது. விசாரணை இடத்தில் இருந்த பெண் நல்லவள். செத்தவீட்டுக்குப் போகிறோம் என்று நான் சொன்னதும், டிக்கெட்டைப் பார்த்துவிட்டு டொச்சில் கேட்டாள்: "மரண வீடு என்றால் ஏன் காலை முதல் வண்டியில் வரவில்லை? அது பாதி காலியாகத்தானே போனது?"

நான் உங்கள் பக்கம் திரும்பி, "அடுத்தது பன்னிரண்டுக்குக் கிட்டத்தானாம் அக்கா" என்றேன். அவள் சொன்னதன் மொழிபெயர்ப்பு அதுதான் என்பதுபோல.

நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "ஓம்" என்றீர்கள். பிறகு மேடை வாங்கில் உட்கார்ந்து பையைத் திறந்து, பாணும் சம்பலும் சுற்றிய பொட்டலத்தை எடுத்து நீட்டினீர்கள். "எனக்கு வேண்டாம், செத்தவீடு முடியாமல் நான் சாப்பிடன். இது உனக்குத்தான். பசியோட நிக்காதை பிள்ளை, சாப்பிடு." சாப்பிட்டேன், அக்கா. வெட்கம் கெட்டவள், முழுவதையும் சாப்பிட்டேன்.

நாங்கள் போனபோது பெட்டியை மூடிக் கொண்டுபோய்விட்டார்கள். மண்டபத்தில் பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். உங்கள் தம்பியின் மனைவி ஓடிவந்து கட்டிப்பிடித்து, "ஏன் மச்சாள் பிந்தினீங்கள்? நேரம் முடிஞ்சும் மூட விடாமல் மன்றாடிக்கொண்டு நிண்டனான்" என்று அழுதா. நீங்கள் சொன்னீர்கள், "முதல் ரெயிலில இடமில்லை. இவளும் பாவம், எவ்வளவோ பாத்தவள்." சுற்றி நின்றவர்கள் ஜெர்மன் ரெயில்களைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

அதன் பிறகும் எனக்கு ஒன்றும் குறைவைக்கவில்லை நீங்கள். டிக்கெட் என்றால் என்னிடம்தான் வந்தீர்கள். கேட்பவர்களுக்கெல்லாம் அதே கதையைச் சொன்னீர்கள். பாவம், ஒன்றும் தெரியாத மனுசி என்று நான் உள்ளுக்குள் நிம்மதிப்பட்டேன்.

நீங்கள் போன எட்டாம் நாள், உங்கள் எட்டுச்செலவு அன்று சமையலறையில் உங்கள் மகளோடு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் போயிட்டா, இனி நான் யாருக்காக டொச் கதைக்கப் போகிறேன் என்று ஏதோ சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "அம்மாக்கு டொச் முழுக்க விளங்கும் அன்ரி. கதைக்கத்தான் கூச்சம். பின்னேரச் செய்தி பாத்திட்டு எங்களுக்கெல்லோ விளங்கப்படுத்துவா." கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டேன்.

அப்படியென்றால் கொலோனில் அந்தப் பெண் சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கிறது. விழுந்த பிறகுதான் பாணை நீட்டியிருக்கிறீர்கள். விழுந்த பிறகுதான் பாரிசில் எனக்காகப் பேசியிருக்கிறீர்கள். ஒரு ஏச்சு ஏசியிருக்கலாமே அக்கா! நானும் அன்றே அழுது தீர்த்திருப்பேன்.

உங்கள் தம்பியின் மகளுக்கு வருகிற சனிக்கிழமை கலியாணம். "மச்சாள் இல்லை, அவவின்ர இடத்தில நீங்களாவது வாங்கோ" என்று தாய் போனில் கேட்டா. உங்கள் இடத்தில் நிற்க எனக்கு என்ன தகுதி? ஆனாலும் போகிறேன். கலியாணச் சந்தடி ஓய்ந்ததும், அன்று பெட்டியை மூட விடாமல் நின்ற அந்த மனுசியிடம் உள்ளதைச் சொல்லப் போகிறேன். அவ என்ன ஏசினாலும் கேட்டுக்கொள்வேன். நீங்கள் ஏசாமல் விட்டதையும் சேர்த்து அவ ஏசட்டும்.

உங்கள் பெயரை நான் அழிக்கவில்லை. டிக்கெட் போட்டுவிட்டேன், அக்கா. முதல் ரெயில். நாலு மணிக்கு எழும்புவேன்.