கண்ணாடி துடைக்கப் போன காலைகள்

நவம்பர் 4, செவ்வாய்

ஐந்து தடவை செல்ஃப் அடித்த பிறகுதான் வண்டி உயிர்பெற்றது. பெற்றும் என்ன, குளிர்ஜுரம் வந்தவனைப் போல உடம்பெல்லாம் உதறல். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துபோகிறது. கால் மணி நேரம் மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன். சூடேறியதும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உதறாமல் நின்றது.

மனைவியிடம் கார்க் கண்ணாடி துடைக்கப் போகிறேன் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரி நாட்களில் ஐந்தேகாலுக்கே இறங்குகிறேன். ஆறு மணிக்கு அவளுக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் அந்த மெஷினோடு கிடக்க வேண்டும். இதில் வண்டிக் கவலை வேறு அவளுக்கு எதற்கு? அவள் வந்து ஏறும்போது ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன். மிச்சமிருக்கும் உதறல் அதில் அமுங்கிவிடும்.

நவம்பர் 6, வியாழன்

நேற்று என்ஜினின் நாலு ஸ்பார்க் பிளக்கையும் நானே மாற்றினேன். இன்று ஆறு தடவை.

நவம்பர் 8, சனி

அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மெக்கானிக்கிடம் போனேன். போய்ச் சேர்வதற்குள் என்ஜின் நன்றாகச் சூடாகியிருந்தது. அவர் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"கல்லு மாதிரி நிக்குதே சார். இதுல என்ன குறைன்னு நான் பாக்குறது? ராத்திரி இங்க விட்டுட்டுப் போங்க. நல்லா ஆறினப்புறம் நானே ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாத்தான் தெரியும்."

எப்படி விடுவது? ராத்திரியில் அவளுக்கு மூச்சு முட்டினால்?

முப்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். "நீங்க வந்தா மட்டும் ஒழுங்கா ஓடுது" என்று சொன்ன எத்தனை பேரைப் பார்த்து மனசுக்குள் சிரித்திருப்பேன். இப்போது என் முறை.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று ஸ்டார்ட் ஆகவே இல்லை. அடித்து அடித்து பேட்டரியும் இறங்கிவிட்டது. டாக்ஸிக்காரன் வர ஐம்பது நிமிடம் ஆகும் என்றான். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், அவ்வளவு நேரம் மெஷினைச் சும்மா வைத்திருக்க முடியாது, நாளைக்கு வாருங்கள் என்றார் நர்ஸ்.

மேலே வந்து சொன்னேன். "பரவால்ல, விடுங்க" என்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அப்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளையின் முகம் அது. போய்ப் படுத்தவள் உடனே தூங்கியும் விட்டாள்.

எனக்கு எங்க தூக்கம் வரும்? அவளுக்குப் போகவே பிடிக்கலையா? இல்ல, நானா எதையோ நினைச்சுக்கிறேனா? கேட்டுடலாம்னா நாக்கு எழும்பல. ஆமான்னு சொல்லிட்டா —

பயமாக இருக்கிறது.

நவம்பர் 12, புதன்

டாக்ஸியில் போய் வந்தோம். சாயங்காலம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினேன்.

நவம்பர் 13, வியாழன்

நேற்றே டயாலிசிஸ் முடிந்ததால் அடுத்தது சனிக்கிழமைதான். இருந்தாலும் ஐந்தேகாலுக்கு இறங்கினேன். ஏழாவது தடவை எடுத்தது. உதறலோடு உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு அவள்.

பழக்கதோஷம், கை ரேடியோவுக்குப் போனது. பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மாசமா மாடி ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கண்ணாடி துடைக்க இவ்வளவு நேரமா?"

அகப்பட்ட திருடன்போல் இருந்தேன்.

"பேசாம கேளுங்க. என் பக்கத்துல உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது. கிளம்பின கொஞ்ச நேரம் லேசாக் கேக்கும். உங்க ரேடியோதான் விடல."

கேட்டது. பானெட்டைத் திறந்து, சத்தம் வந்த பக்கம் என்ஜினுக்குள் போகும் ரப்பர் குழாயில் ஈரத்துணியைச் சுற்றினேன். உஸ் நின்றது. உதறலும் நின்றது.

நவம்பர் 14, வெள்ளி

மெக்கானிக் கழற்றிக் காட்டினார். ஒரு சாண் குழாய், அடிப்பக்கம் மயிரிழை வெடிப்பு.

"இது வழியாத்தான் வேண்டாத காத்த இழுத்திருக்கு. சூடானா ரப்பர் உப்பி வெடிப்பு மூடிக்கும். அதான் என்கிட்ட வந்தப்ப சமத்தா நின்னுச்சு. யாரு சார் கண்டுபிடிச்சது?"

"என் வீட்டுக்காரி," என்றேன்.

நவம்பர் 15, சனி

சாவியைத் திருப்பியதுமே எடுத்துக்கொண்டது. உதறல் இல்லை. ரேடியோ போடவில்லை.

அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை, ஒரு கால் இன்னும் தரையில்.

"வண்டி நல்லாயிடுச்சு. இனிமே எனக்குச் சாக்கு இல்ல."

நாலு நாளாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன். "போகப் பிடிக்கலையா?"

"போதும்னு தோணுது."

"எல்லா நாளுமா?"

"சில நாள். சொன்னா நீங்க உடைஞ்சுபோயிடுவீங்கன்னு சொல்லல."

"இன்னிக்கு வேணாம்னா சொல்லு. அணைச்சிடறேன்." சொல்லும்போது கை சாவியில் இருந்தது. நிஜமாகவே அணைத்திருப்பேன்.

அவள் காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினாள். ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம்.